விண்டோஸ் லேப்டாப்பில் நோட் ஜேஎஸ்: புதுச்சேரி, கடலூர் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, லாஸ்பேட்டைப் பக்கம் கல்லூரியில் படிக்கிறவர்களும், கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி இங்கே சின்ன கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்களும் பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் பற்றி என்னிடம் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். இவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். யூடியூபில் பாடம் எடுப்பவர் மேஜையில் இருப்பது மேக். அவர் தட்டும் கட்டளை இவர்களுக்கு வேலை செய்யாமல் போனதும், "எனக்கு புரோகிராமிங் வராது போல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விண்டோஸில் நோட் ஒழுங்காக ஓடாது, லினக்ஸ்தான் வேண்டும் என்கிறார்களே?

அது பழைய கதை. 2009-இல் ரயன் டால் நோட் ஜேஎஸ்ஸை வெளியிட்டபோது லினக்ஸும் மேக்கும்தான் அதற்குத் தெரியும். 2011-இல் மைக்ரோசாஃப்ட், அப்போது நோட்டைப் பராமரித்துவந்த ஜாயன்ட் நிறுவனத்தோடு கைகோத்து விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த 0.6 பதிப்பிலிருந்து நோட் விண்டோஸில் நேரடியாக ஓடுகிறது. அந்த முயற்சியில் வளர்ந்ததுதான் லிப்யூவி என்ற நூலகம். ஒரே நேரத்தில் ஆயிரம் இணைப்புகளைக் காத்திருக்க வைத்துக் கவனிக்கும் வேலையை லினக்ஸில் இபோல் வழியாகவும், மேக்கில் கேக்யூ வழியாகவும், விண்டோஸில் ஐஓசிபி வழியாகவும் அது செய்கிறது. நீங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

ஆகவே நோட் மேல் குறையில்லை. தொல்லை தருவதெல்லாம் அதைச் சுற்றியிருப்பவை: ஃபைல் பெயர், வரி முடிவு, ஷெல், ஆன்டிவைரஸ், ஒன்டிரைவ். கீழே வரும் கேள்விகளில் பாதி இவற்றைப் பற்றியதுதான்.

எந்தப் பதிப்பைப் போடுவது?

எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ளது) என்று குறித்திருப்பதை. 22-க்கு 2027 ஏப்ரல் வரையிலும் 24-க்கு 2028 ஏப்ரல் வரையிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 18-க்கு 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டது. கல்லூரி லேபில் இன்னும் 18 இருந்தால் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு பதிப்பு, இன்னொன்றுக்கு வேறு என்ற நிலை வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே வந்துவிடும். அதனால் தொடக்கத்திலேயே என்விஎம் ஃபார் விண்டோஸ் அல்லது எஃப்என்எம் என்ற பதிப்பு மாற்றும் கருவியைப் போட்டுக்கொண்டு, அதன் வழியாக நோட்டை நிறுவுவது நல்லது.

பவர்ஷெல்லில் என்பிஎம் என்று தட்டினாலே சிவப்பில் திட்டுகிறது. ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லையாம்.

பவர்ஷெல் தன் வழக்கப்படி ஸ்கிரிப்ட் ஃபைல்களைத் தடுக்கிறது. நோட்டோடு வந்து, பிறர் எழுதிய பேக்கேஜ்களை நிறுவித்தரும் என்பிஎம் அங்கே ஒரு ஸ்கிரிப்டாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி கட்டளையில் ரிமோட்சைன்ட் என்ற மதிப்பையும், ஸ்கோப் கரன்ட்யூசர் என்பதையும் கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் தடை நீங்கும். அன்ரெஸ்ட்ரிக்டட் என்று கொடுக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவ்வளவு திறந்துவிட வேண்டியதில்லை. எதையும் மாற்ற விருப்பமில்லை என்றால் பழைய கமாண்ட் பிராம்ப்டில் அதே கட்டளையைத் தட்டுங்கள், ஓடும்.

அண்ணா, கோடு எந்த ஃபோல்டரில் வைக்கணும்? டெஸ்க்டாப்பில் வைத்தால் என்ன?

எல்லாரும் சாதாரணமாகக் கடந்துபோகும் கேள்வி இது. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது இதுதான்.

புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்தே வருகின்றன. அங்கே ப்ராஜெக்ட் வைத்து என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால், நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரில் பல்லாயிரம் குட்டிக் குட்டி ஃபைல்கள் வந்து விழும். ஒன்டிரைவ் ஒவ்வொன்றையும் மேலே அனுப்பப் பார்க்கும். அதற்காக அது ஒரு ஃபைலைப் பிடித்திருக்கும் நேரத்தில் என்பிஎம் அதை அழிக்கப் போனால் இபெர்ம் என்ற பிழை வரும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் நோட்டைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்கள். ப்ராஜெக்டை சி டிரைவில் 'டெவ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே கொண்டுபோனால் போதும், அந்தப் பிழை போய்விடும்.

அடுத்த படி டபிள்யூஎஸ்எல். விண்டோஸுக்குள்ளேயே உண்மையான லினக்ஸ் கெர்னலை ஓட்டும் வசதி. இரண்டாம் பதிப்பு 2020 மே மாதத்திலிருந்து கிடைக்கிறது. அட்மின் பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் இன்ஸ்டால் கட்டளை கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் உபுண்டு தயார். வரவில்லை என்றால் பயாஸில் வர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். உபுண்டுவுக்குள் போய்விட்டு, கோடை மட்டும் சி டிரைவிலேயே வைத்து, எம்என்டி என்ற ஃபோல்டர் வழியாக எட்டிப் பார்த்து ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஃபைலைத் தொடும்போதும் இரண்டு அமைப்புகளின் எல்லையைக் கடந்து போய்வர வேண்டும். என்பிஎம் இன்ஸ்டால் ஆமை வேகத்தில் நகரும். ஃபைலை மாற்றிச் சேமித்தாலும் நோட்டின் வாட்ச் வசதிக்குச் செய்தி போகாது, சர்வர் தானாக மறுதொடக்கம் ஆகாது. டபிள்யூஎஸ்எல் என்று முடிவு செய்தால் கோடும் லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும். விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டு, அந்த ஃபோல்டரில் நின்று 'கோட்' என்று தட்டி, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்தால் எடிட்டர் விண்டோஸில் திறக்கும், வேலை முழுக்க லினக்ஸில் நடக்கும்.

ஒன்று இந்தப் பக்கம், இல்லை அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். டபிள்யூஎஸ்எல் தாங்குமா?

தாங்கும், ஆனால் அளவு சொல்லி வையுங்கள். விட்டால் மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் யூசர் ஃபோல்டரில் டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற ஃபைலை உருவாக்கி, டபிள்யூஎஸ்எல்2 தலைப்பின் கீழ் மெமரி 3 ஜிபி என்று கொடுங்கள். அதன் பிறகு டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கொடுத்துத் திறந்தால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். அப்ளிகேஷன்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப்பும் இதே டபிள்யூஎஸ்எல் மேல்தான் ஓடுகிறது. 8 ஜிபி இயந்திரத்தில் குரோம், டாக்கர், விஎஸ் கோடு மூன்றையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு முட்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் டாக்கர் இல்லாமலே நன்றாகப் பழகலாம்.

4 ஜிபி என்றால் டபிள்யூஎஸ்எல் வேண்டாம், நேரடி விண்டோஸிலேயே எழுதுங்கள்.

கல்லூரி லேபில் அட்மின் பாஸ்வேர்ட் தரமாட்டார்கள். எப்படிப் பழகுவது?

நோட்டை ஜிப் ஃபைலாகவும் தருகிறார்கள். அதைப் பிரித்து உங்கள் ஃபோல்டரில் வைத்து, அந்த இடத்தை உங்கள் கணக்கின் பாத் மாறியில் சேர்த்தால் அட்மின் அனுமதி தேவையில்லை. இணையம் நன்றாக இருந்தால் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் இன்னொரு வழி: பிரவுசருக்குள்ளேயே விஎஸ் கோடு, பின்னால் லினக்ஸ். இலவசக் கணக்கிலேயே மாதம் 120 கோர் மணி நேரம் கிடைக்கிறது. 2 கோர் இயந்திரம் எடுத்தால் 60 மணி நேரம். வேலை முடிந்ததும் நிறுத்திவிட மறக்கக் கூடாது.

அண்ணா, லேப்டாப்பில் ஜம்முனு ஓடுது. சர்வரில் போட்டால் "மாட்யூலைக் காணோம்" என்கிறது. நாளைக்கு ரிவ்யூ!

பதறாமல் ஃபைல் பெயர்களைப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. ஃபைலின் பெயர் சின்ன 'யூ'வில் தொடங்கும் 'யூசர்' என்று இருக்க, கோடில் பெரிய 'யூ' போட்டு அழைத்திருந்தாலும் விண்டோஸ் எடுத்துக் கொடுத்துவிடும். லினக்ஸ் கொடுக்காது. சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். எக்ஸ்ப்ளோரரில் பெயரை மாற்றி மறுபடி புஷ் செய்தாலும் சரியாகாது, ஏனென்றால் எழுத்து வேறுபாட்டைக் கவனிக்க வேண்டாம் என்றுதான் விண்டோஸில் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) அமைந்திருக்கும். கிட் எம்வி கட்டளையால் பெயரை மாற்றி கமிட் செய்யுங்கள். இனி ஃபைல் பெயர் எல்லாம் சின்ன எழுத்து என்று குழுவுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் மூன்று உண்டு.

பேக்ஸ்லாஷ். ஃபைல் பாதையை கையால் ஒட்டாதீர்கள். பாத் மாட்யூலின் ஜாயின் செயல்பாடு எந்த இயந்திரத்தில் எந்தச் சாய்கோடு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும்.

வரி முடிவு. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் இதைப் பொருட்படுத்தாது. ஷெல் ஸ்கிரிப்ட் பொருட்படுத்தும். டாக்கரில் கண்ணெதிரே இருக்கும் ஃபைலை "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று சொல்வது இதனால்தான். ரெப்போவின் (ப்ராஜெக்டின் கிட் ஃபோல்டரின்) மேல்தட்டில் டாட் கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல் வைத்து, எல்லாவற்றுக்கும் எல்எஃப் (லினக்ஸின் ஒற்றைக் குறி) என்று எழுதிவிடுங்கள். விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையிலும் சிஆர்எல்எஃப், எல்எஃப் என்று தெரியும், அங்கேயே மாற்றலாம்.

பேக்கேஜ்.ஜேசன் ஸ்கிரிப்டுகள். நோட்_என்வி சமம் புரொடக்‌ஷன் என்று கட்டளைக்கு முன்னால் எழுதுவது லினக்ஸ் வழக்கம். விண்டோஸ் அதை ஒரு புரோகிராமின் பெயர் என்று நினைத்துத் தேடும். 20.6 பதிப்பிலிருந்து நோட்டுக்கே என்வி-ஃபைல் என்ற ஆப்ஷன் இருக்கிறது. மதிப்புகளை ஒரு ஃபைலில் எழுதி அதைக் காட்டிவிட்டால் இரண்டு இடத்திலும் ஓடும். அந்த ஃபைலை கிட்டில் ஏற்றிவிடாதீர்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அதில்தான் இருக்கும். அதேபோல் ஆர்எம் -ஆர்எஃப் விண்டோஸில் கிடையாது. நோட்டின் எஃப்எஸ் மாட்யூலிலுள்ள ஆர்எம் செயல்பாட்டையே ஒரு சின்ன ஸ்கிரிப்டில் அழையுங்கள்.

ஒரு பேக்கேஜ் போடும்போது பைதான் இல்லை, விஷுவல் ஸ்டுடியோ இல்லை என்று பக்கம் பக்கமாகப் பிழை. நான் ஜாவாஸ்கிரிப்ட்தானே எழுதுகிறேன்?

அந்த பேக்கேஜின் உள்ளே சி++ இருக்கிறது. அதை உங்கள் இயந்திரத்தில் கம்பைல் செய்ய நோட்-ஜிப் (node-gyp) என்ற கருவி பைதானையும் சி++ கம்பைலரையும் தேடுகிறது. முதலில் நோட் எல்டிஎஸ் பதிப்புக்கு மாறிப் பாருங்கள். பெரும்பாலான பேக்கேஜ்கள் எல்டிஎஸ்ஸுக்கு ஏற்கெனவே கம்பைல் செய்த ஃபைலைத் தருகின்றன. புத்தம் புதுப் பதிப்பில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அப்படியும் தீரவில்லை என்றால் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸில் டெஸ்க்டாப் சி++ பகுதியை நிறுவ வேண்டும். பல ஜிபி இறங்கும். மொபைல் டேட்டாவில் தொடங்காதீர்கள்.

எக்ஸாம்ப்பில் மைஎஸ்க்யூஎல் ஓடுகிறது. நோட்டிலிருந்து இணைத்தால் கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது என்கிறது.

பிழையில் '::1' என்று தெரிகிறதா? நோட் 17-இலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்றால் ஐபிவி6 முகவரி முதலில் வரலாம். உங்கள் டேட்டாபேஸ் ஐபிவி4-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதுங்கள். மாங்கோடிபி டேட்டாபேஸுக்கும் இதே மருந்து.

நோட் டபிள்யூஎஸ்எல்லிலும் டேட்டாபேஸ் விண்டோஸிலும் இருந்தால் கதை வேறு, அங்கே 127.0.0.1 லினக்ஸையே குறிக்கும். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்கில் நெட்வொர்க்கிங் மோடை மிரர்டு என்று மாற்றலாம். அதைவிட எளிது, டேட்டாபேஸையும் உபுண்டுவுக்குள் நிறுவுவது.

3000 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதாம்.

முன்பு ஓட்டிய சர்வர் சாகவில்லை. நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ கொடுத்து 3000-க்கு நேரே கடைசியில் இருக்கும் எண்ணைப் பார்த்து, டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணுள்ள நோட்டை நிறுத்துங்கள்.

தமிழ்ப் பெயர்களைச் சேமித்தால், தேடினால், தப்புத் தப்பாக வருகிறதே?

நம் ஊருக்கு அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் நின்று நிதானமாகக் கற்க வேண்டிய இடம் இது. ஆங்கிலப் பாடங்களில் இது வராது.

'புதுச்சேரி'யில் நமக்கு எழுத்து ஐந்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் பத்து என்று சொல்லும், ஏனென்றால் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'கடலூர்' என்பதை ஐந்து அலகோடு வெட்டினால் புள்ளி விழுந்து 'கடலூர' என்று நிற்கும். ரசீதிலோ பேருந்துப் பலகையிலோ அப்படி அச்சானால் யாருக்குத்தான் பொறுக்கும்? இன்டல்.செக்மென்டர் என்ற வசதி நோட் 16-இலிருந்து இருக்கிறது; அதை வைத்து எண்ணினால் ஐந்தை ஐந்து என்றே சொல்லும், வெட்டினாலும் எழுத்து முழுசாக நிற்கும்.

தேடலில் வேறு பிரச்சினை. 'கோபால்' என்பதன் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும் முன் நார்மலைஸ் செயல்பாட்டை என்எஃப்சி என்று கொடுத்து ஓட்டினால் ஒரே வடிவமாகிவிடும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன அல்லவா, அவர்கள் பெயரில் மேலே கோடு போட்ட 'é' என்ற எழுத்து வரும். அதற்கும் இதே சிக்கல், இதே தீர்வு. ஆனால் 'சௌந்தர்' என்பதை ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தைத் தட்டி எழுதுபவர்கள் பலர். அதை எந்த நார்மலைஸும் சரிசெய்யாது. தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும் விதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எக்ஸலில் தமிழ் புரியாத குறிகளாகத் தெரிகிறது என்றால் சிஎஸ்வி ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற, எழுத்துமுறையைச் சொல்லும் குறியைச் சேர்த்து எழுதுங்கள். நேர்மாறாக, விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் '>' போட்டுச் சேமித்த ஃபைல் யுடிஎஃப்-16-இல் இருக்கும். அதை நோட்டில் ஜேசனாகப் படித்தால் முதல் எழுத்திலேயே பிழை. மைஎஸ்க்யூஎல் டேபிளை யுடிஎஃப்8எம்பி4 என்று அமைத்துவிடுங்கள், கேள்விக்குறி வரிசை வராது.

எழுதியதை எங்கே ஏற்றுவது? அஸூரில் காசு பிடுங்குவார்களா?

அஸூர் என்பது மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவை. மாணவர் என்றால் கல்லூரி மின்னஞ்சல் கொண்டு அஸூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் எடுங்கள். கிரெடிட் கார்டு கேட்காமல் 100 டாலர் மதிப்பு தருகிறார்கள். ஆப் சர்வீஸில் எஃப்1 என்ற இலவசத் திட்டமும் இருக்கிறது: ஒரு நாளைக்கு 60 நிமிட சிபியு நேரம், 1 ஜிபி இடம். கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும், அடுத்து வருபவர் சற்றுக் காத்திருக்க வேண்டும். ரிவ்யூவுக்குப் போதும், கடைக்காரருக்கு விற்க அது போதாது.

நமக்குப் பக்கத்தில் சென்னையில் ஒரு தளம் உண்டு, சவுத் இந்தியா என்று பட்டியலில் வரும். எல்லாச் சேவையும் அங்கே கிடைப்பதில்லை. தேடியது இல்லை என்றால் புனேயிலுள்ள சென்ட்ரல் இந்தியாவை எடுங்கள்.

லினக்ஸ் பிளானைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பிளானில் நோட், ஐஐஎஸ் என்ற விண்டோஸ் வெப் சர்வர் வழியாக ஓடுகிறது. அங்கே போர்ட் மாறியில் வருவது எண்ணே அல்ல, ஒரு பைப்பின் பெயர். அதை எண்ணாக மாற்ற முயலும் கோடு விழுந்துவிடும். எந்தப் பிளானாக இருந்தாலும் 3000 என்று கையால் எழுதாமல் பிராசஸ்.என்வி.போர்ட் கொடுப்பதைக் கேளுங்கள்.

சர்வரில் தேதி ஒரு நாள் பின்னால் வருகிறது.

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை 4 மணிக்குப் படகு வந்து மீன் ஏலம் போகிறது, அந்தக் கணக்கை எழுதும் அப்ளிகேஷன் என்று வையுங்கள். அஸூரின் கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. நமக்குக் காலை 4 என்றால் அதற்கு முந்தைய நாள் இரவு 10.30. எனவே காலை 5.30-க்கு முன்னால் பதிவான ஏலமெல்லாம் நேற்றைய கணக்கில் போய்ச் சேரும். பகலில் சோதித்துப் பார்த்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. சேமிப்பது யுடிசியிலேயே இருக்கட்டும். காட்டும்போதும் நாள்வாரியாகக் கூட்டும்போதும் இன்டல்.டேட்டைம்ஃபார்மட்டில் ஆசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். லோகேல் என்ற மொழி-நாட்டுக் குறியை 'டா-ஐஎன்' என்று வைத்தால் தொகையும் 1,00,000 என்று நம் வழக்கப்படியே கமா போட்டு வரும்.

மழைக்காலத்தில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. வேலை நின்றுவிடுகிறது.

2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த ஊர் நம்முடையது. வானிலை அறிக்கை வந்ததும் ப்ராஜெக்டுகளில் ஒரு முறை என்பிஎம் சிஐ ஓட்டி வையுங்கள். இறக்கியதெல்லாம் என்பிஎம்மின் கேஷில் தங்கும். பிறகு ப்ரிஃபர்-ஆஃப்லைன் ஆப்ஷனோடு நிறுவினால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கமிட் செய்ய இணையம் வேண்டாம். லேப்டாப் சார்ஜ் தீர்வதற்குள் கமிட் செய்யுங்கள், புஷ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்பிஎம்மில் வைரஸ் வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற, எல்லா ப்ராஜெக்டிலும் இருக்கும் பேக்கேஜ்களிலேயே தீய கோடு நுழைக்கப்பட்டது. பராமரிப்பாளரை ஒரு போலி மின்னஞ்சலால் ஏமாற்றியிருந்தார்கள். பேக்கேஜ் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலை கிட்டில் வைத்திருங்கள், சர்வரில் இன்ஸ்டாலுக்குப் பதில் சிஐ பயன்படுத்துங்கள், பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள். இரண்டு வரியில் நீங்களே எழுதிவிடக் கூடியதற்கு பேக்கேஜ் தேடாதீர்கள்.

டைப்ஸ்கிரிப்ட் கட்டாயமா?

ஜாவாஸ்கிரிப்டோடு வகைக்குறிப்புகளைச் சேர்த்த மொழி அது. கட்டாயமில்லை, ஆனால் கம்பெனிகளில் கேட்கிறார்கள். நோட் 24 டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை நேரடியாகவே ஓட்டும், வகைக்குறிப்புகளை நீக்கிவிட்டு. பிழை சோதிக்காது, அதற்கு விஎஸ் கோடோ, டிஎஸ்சி என்ற டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரோ வேண்டும். ஈனம் (enum) போன்ற சில அம்சங்கள் அந்த வழியில் ஓடாது.

லேப்டாப் பழசு, விண்டோஸ் 10-தான் இருக்கிறது. புதுசு வாங்க வீட்டில் வசதியில்லை.

வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆனாலும் நோட்டும் விஎஸ் கோடும் டபிள்யூஎஸ்எல்லும் அதில் ஓடும். இயந்திரம் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால், முக்கியமான ஃபைல்களை பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு உபுண்டுவையே நிறுவிவிடுங்கள். விஎஸ் கோடு அதிலும் உண்டு. மேலே ஃபைல் பெயர், வரி முடிவு, ஒன்டிரைவ், பவர்ஷெல் பற்றிச் சொன்ன எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது; தமிழ் எழுத்தும் யுடிசி கடிகாரமும் பற்றிச் சொன்னவை மட்டும் அப்படியே பொருந்தும்.